ஒன்பதாவது ரீலில் இருக்கும் பிள்ளை

கொல்லம் ஆண்டு 1115, ஐப்பசி மாதம் பதினோராம் தேதி மாலைக்காட்சியில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குத் தெற்கே இருந்த தகரக் கொட்டகையின் திரையிலிருந்து பாண்டிய நாட்டு மகாராணி கோமளவல்லி இறங்கிப் பெண்கள் பகுதிக்கு வந்தாள். பெஞ்சியில் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தவள் ஆரியசாலை மொத்த வியாபாரி ஆறுமுகநயினாரின் மனைவி வடிவாம்பாள். அன்று மழை இல்லை. சுக்கு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. கொட்டகை முக்கால்வாசி நிறைந்திருந்தது. இறங்கிய ராணி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஆசிரமத்துக்கு வழி எது, தாயே?" என்று கேட்டாள்.

படத்தின் பெயர் 'தென்கரைச் சிம்மாசனம்'. அதிசேகர பாண்டியன் என்றொரு ராஜா. அவனுடைய ராணி கோமளவல்லி. ஐந்து வயதில் ஒரு பிள்ளை. ராஜாவின் தங்கை மகன் தென்னவராயன் சிம்மாசனத்துக்கு ஆசைப்படுகிறான். அவனுக்குப் பயந்து ராணி பிள்ளையை ஆற்றங்கரை ஆசிரமத்தில் ஒளித்து வைக்கிறாள். பதினாறாவது ரீலில் தென்னவராயன் தோற்றுப்போக, பிள்ளைக்குப் பட்டம் கட்டுகிறார்கள். மற்ற ஊர்களில் தென்னவராயன் மீசையை முறுக்கிக்கொண்டு சிரித்தபோதெல்லாம் ஜனங்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். திருவனந்தபுரத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே நாட்டை ஆண்டவர்களே தாய்மாமனுக்குப் பின் மருமகன் என்று வந்தவர்கள். ஆரியசாலையில் கடை வைத்திருந்த நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களிலும் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக வீடு தங்கை மகனுக்குத்தான் போயிற்று; இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் வெளியேறினார்கள். ஆகையால் முதல் நாளே, முதல் இடைவெளியிலேயே, அந்த ஊர் கேட்ட கேள்வி வேறாக இருந்தது.

கொட்டகையில் படம் காட்டும் இயந்திரம் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அதற்கு நான்கைந்து நிமிஷம் ஆகும். பதினாறு ரீலுக்குப் பதினைந்து இடைவெளி. முறுக்கும் சோடாவும் தின்று குடித்ததுபோக, ஆரியசாலைக்காரர்கள் அந்த நேரம் முழுவதும் படத்தைப் பற்றியே பேசினார்கள். பேச்சை நடத்தியவர் ஆறுமுகநயினார். தினமும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவார். அவருக்குப் பக்கத்து நாற்காலி, கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் குடியிருந்த சர்க்கார் குமாஸ்தா நாகேஸ்வரனுடையது.

"ஓய் நாகேஸ்வரன், அந்தப் பய என்ன தப்பு செஞ்சான், சொல்லும் பாப்போம். மாமனுக்குப் பொறவு மருமகனாக்கும் அவகாசி; சொத்தும் பட்டமும் அவனுக்குத்தான். அதத்தான் அவன் கேக்கான். கேட்டா துஷ்டனா?"

நாகேஸ்வரன் தஞ்சாவூர் வழி. அவர்கள் குடும்பத்தில் எல்லாம் பிள்ளைக்குத்தான். ஆனாலும் அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நயினார்வாள், இந்த விஷயத்துல நான் வாயத் தொறக்கப்படாது. பிள்ளைக்குத்தான் ராஜ்யம்னு நான் சொல்லி, அது அரண்மனைக் காதுல விழுந்தா, நாளைக்கு என் ஆத்துல உலை கொதிக்காது." அவர் ஒருவர்தான் எதிர்த்துப் பேசக்கூடியவராக இருந்தார். அவரும் பேசாததால், பேச்சு ஒரே பக்கமாகப் போயிற்று.

அடுத்தடுத்த ரீல்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. நான்காம் நாள் தென்னவராயன் அந்தச் சிரிப்பைச் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் மீசை சிறுத்துவிட்டது. எட்டாம் நாள், விஷக் கிண்ணத்தோடு வரவேண்டிய காட்சியில், இரண்டு கிராமத்தாரின் குளத்துத் தகராறைப் பொறுமையாகக் கேட்டுத் தீர்த்து வைத்தான். பத்தாம் நாள் ராஜா சாகும்போது தன் கையாலேயே கிரீடத்தை எடுத்து மருமகன் தலையில் வைத்தார். தரை டிக்கெட்டில் கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. பதினோராம் நாள், பதினைந்தாவது ரீலில், அரண்மனைக் காரியஸ்தர் ராணியின் முன் வந்து கைகட்டி நின்று, பதினாறாம் நாள் சடங்கு முடிந்துவிட்டபடியால் அம்மை இனிப் புறப்படலாம் என்று மரியாதையாகச் சொன்னார். ராணி ஒரு செம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பிள்ளை ஆசிரமத்தில் இருந்தது. ஆசிரமம் ஒன்பதாவது ரீலில் இருந்தது. பதினைந்தாவது ரீலிலிருந்து அங்கே போக, கொட்டகைக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

வடிவாம்பாள் அவளை வில்வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஆறுமுகநயினார் மறுப்புச் சொல்லவில்லை. மனிதர் இரக்கமுள்ளவர், வீடு தேடி வந்தவளுக்குப் பூஜை அறைக்கு அடுத்த அறையை ஒழித்துக் கொடுத்து, புதுப் பாயும் வாங்கிப் போட்டார். ராணி தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறமாக இருந்தாள். உதடு கறுப்பு. வடிவாம்பாள் அவள் காலில் இருந்த சிராய்ப்புக்கு மஞ்சள் பூசிப் பார்த்தாள்; பூசிய இடத்தில் மஞ்சளும் சாம்பலாயிற்று. வற்றல் மிளகாயைக் கையில் எடுத்தால் அவள் கீழே வைக்கும்வரை அதற்கும் நிறம் கிடையாது. பசி, தாகம் இல்லை. படத்தில் அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த முப்பத்தேழு வாக்கியங்களும் மூன்று பாட்டுகளும்தான் அவளுடைய பேச்சு. பூனை பாலைக் குடித்துவிட்டபோது, "சதி! அரண்மனைக்குள்ளேயே சதி நடக்கிறது" என்றாள். இரண்டு நாளில் வடிவாம்பாளுக்கு அவள் பேசுவது எல்லாம் பிடிபட்டுவிட்டது. முப்பத்தேழில் முக்கால்வாசி பிள்ளையைப் பற்றியது.

தினமும் ஒன்பதாவது ரீலுக்குச் சரியாக இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். முன்பெல்லாம் அந்த ரீலில் ராணி ஆசிரமத்துக்கு ஓடிவந்து பிள்ளையை அள்ளி அணைத்துக்கொள்வாள். இப்போது யாரும் வரவில்லை. பிள்ளை ஒரு மான்குட்டியோடு விளையாடும். பிறகு வாசலில் உட்கார்ந்து, ரீல் முடியும்வரை வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராணி பெஞ்சியிலிருந்து எழுந்து, "கண்ணே, வந்துவிட்டேன்" என்று அந்தக் காட்சிக்குரிய வசனத்தைச் சொல்வாள். திரைக்குப் பின்னால் இருந்த குழாயிலிருந்து வரும் சத்தம்தான் பிள்ளைக்குக் கேட்கும். வெளியிலிருந்து கூப்பிடுவது கேட்காது. ஒரு நாள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். துணியாக இருந்தது. இறங்கிய வழியில் ஏற முடியவில்லை.

படம் இருபத்தொரு நாளோடு எடுக்கப்படும், படப்பெட்டி ரயிலில் கொல்லத்துக்குப் போகும் என்று தண்டோரா போட்டார்கள். பிள்ளை பெட்டிக்குள் இருந்தது. வடிவாம்பாள் யோசித்துப் பார்த்ததில் ஒரு வழிதான் தெரிந்தது. ஆண்கள் பேசிப் பேசித்தான் ராணியை இறக்கினார்கள்; அவர்களே பிள்ளைக்குத்தான் பட்டம் என்று பேசினால், கடைசி ரீல் ராணியைத் திரும்பக் கூப்பிட்டாக வேண்டும். இருபதாம் நாள், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த புருஷனுக்கு மோர் ஊற்றிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"பிள்ளைக்குத்தான் பட்டம்னு நாளைக்கு ஒருநாள் சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் சொல்லுவாங்க."

அவர் வெகு நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த வீடு அவருக்குத் தாய்மாமனிடமிருந்து வந்தது. மாமன் இறந்த பதினாறாம் நாள், மாமன் மனைவி பகவதி மூன்று பிள்ளைகளோடும் இரண்டு பித்தளைக் குடங்களோடும் வாசல்படி இறங்கிப் போனாள். பதினேழு வயது ஆறுமுகநயினார் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. தெருப் பெண்கள் சொல்லித்தான் வடிவாம்பாளுக்குத் தெரியும்.

"சொல்லலாம் பிள்ளே," என்றார். "சொல்லிட்டா, அப்பம் பகவதி அத்தைய நான் எறக்கி விட்டதுக்குப் பேரு என்ன?"

வடிவாம்பாள் மோர்ச்சட்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு எனக்கும் இதுதானா?"

"சட்டம் வந்தாச்சுல்லா. பொண்டாட்டி பிள்ளைக்கும் பங்கு உண்டுன்னு எழுதியாச்சு. ஒனக்கு ஒரு கொறையும் வராது."

அவர் சட்டத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார், தம்மைக் கூப்பிடவில்லை என்பதை வடிவாம்பாள் கவனித்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய ஒரே தங்கையும் பிள்ளை இல்லாமலே இறந்துபோனவள். வாரிசு என்று கேட்டு வர யாருமே இல்லாத வீட்டில், வராத ஒருவனுக்காக அவர் நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் மறுநாள் அவர் எழுந்து நின்றார். பதினைந்தாவது ரீல் முடிந்து விளக்கு எரிந்ததும், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளை பச்சைப் பிள்ளை, தாயையும் பிள்ளையையும் பிரிக்கப்படாது, பட்டம் பிள்ளைக்குத்தான் என்று கொட்டகை முழுவதும் கேட்கச் சொன்னார். நாகேஸ்வரன் எந்த நாளும் இல்லாமல் பலமாகத் தலையை ஆட்டினார். தரை டிக்கெட்டும் சரி சரி என்றது. ராணி பெண்கள் பகுதியிலிருந்து எழுந்து திரைக்கு அருகில் போய்த் தயாராக நின்றாள். விளக்கு அணைந்தது. தென்னவராயன் சிம்மாசனத்திலிருந்து எழுந்தான். கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஆசிரமத்துக்குப் போகவேண்டிய பல்லக்கு வாசலில் வந்து நின்றது. பிறகு அவன் முன்வரிசை நாற்காலியை நேராகப் பார்த்தான். ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம் பார்த்தான். பார்த்துவிட்டுக் கிரீடத்தைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டான். பல்லக்கைத் திருப்பி எடுத்துப் போனார்கள்.

வண்டியில் வரும்போது, "நான் சொன்னேனே" என்றார் ஆறுமுகநயினார்.

"சொன்னீங்க" என்றாள் வடிவாம்பாள்.

பெட்டி தம்பானூர் ஸ்டேஷனில் சரக்கு வண்டியில் ஏறியது. கொல்லத்துக்கு ராணியும் வடிவாம்பாளும் பின்னாலேயே போனார்கள். அங்கும் இதே பேச்சு, இதே முடிவு. அங்கிருந்து பெட்டி மலை தாண்டித் திருநெல்வேலிக்குப் போயிற்று. திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டிருந்த வடிவாம்பாளின் அக்காள் நீலாம்பாள் தை மாதம் கடிதம் எழுதினாள். அந்த ஊரில் முதல் நாளே ஜனங்கள் மருமகனை ஏசித் தீர்த்துவிட்டார்களாம். அவனுக்கு மீசையும் சிரிப்பும் திரும்ப முளைத்து, தோற்று ஓடிவிட்டானாம். பிள்ளைக்குப் பட்டம் கட்டியாயிற்று. ஆனால் தாயார்க்காரியை எங்கேயும் காணோம். தாயில்லாத பிள்ளை கிரீடம் கண்ணை மறைக்கச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறதைப் பார்த்து அழாதவர்கள் இல்லை, ஐம்பது நாள் தாண்டி ஓடுகிறது, நீயும் வந்து பார் என்று எழுதியிருந்தாள். வடிவாம்பாள் கடிதத்தை ராணிக்கு வாசித்துக் காட்டினாள். ராணி முப்பத்தேழு வாக்கியங்களையும் மனசுக்குள் தேடினாள் என்பது முகத்தில் தெரிந்தது. பொருந்துவது ஒன்றும் கிடைக்கவில்லை. சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினாள். மறுநாள் ரயிலேறி அவர்கள் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் பெட்டி கொழும்புக்குக் கப்பலேறிவிட்டது. யுத்தம் நெருங்கியது. பெட்டி திரும்பவில்லை.

மூன்று வருஷம் போயிற்று. ஆரியசாலைப் பெண்கள் சாம்பல் நிறத்துக்குப் பழகிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் ராணியைப் பாடச் சொன்னார்கள். அவளும் அந்த மூன்று பாட்டையே பாடினாள். 1118-இல் அரிசிக்கு ரேஷன் வந்து, வீடுவீடாகத் தலை எண்ணினார்கள். எழுத வந்தவர் ராணியை ஏற இறங்கப் பார்த்து, பெயரையும் ஏறக்குறைய வயதையும் எழுதிக்கொண்டு, குடும்பத் தலைவருக்கு இவர் என்ன முறை என்று கேட்டார். ஆறுமுகநயினார் கூடத்தில் கொஞ்ச நேரம் நடந்தார். விருந்தாளி என்றால் எவனும் எழுப்பிவிடலாம். ஒரு தடவை இறக்கிவிட்டது போதும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் தெருவில் எவனாலும் வாசல்படி இறக்க முடியாத பெண் ஒருத்திதான்.

"உடன்பிறந்தாள்ன்னு எழுதும்," என்றார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. நயினாருக்குத் தங்கை உண்டென்றால், தங்கைக்குப் பிள்ளை உண்டு. தங்கை பிள்ளைதான் அவகாசி. நாகேஸ்வரன் கோட்டைக்குள்ளிருந்து நடந்துவந்து, "ஒருவழியா உமக்கும் மருமான் பொறந்துட்டான் ஓய்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆறுமுகநயினார் இதை முன்னாலேயே யோசித்திருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. அன்று அவர் முகம் பதினேழு வயதுக்குப் பிறகு முதல்தடவையாகத் தெளிந்திருந்தது என்று வடிவாம்பாளுக்குத் தோன்றியது. அவரைக் கோபித்துக்கொள்ளவும் அவளால் முடியவில்லை.

அவள் அடுக்களையில் ராணிக்கு எதிரே உட்கார்ந்தாள். "இனி நீங்கதான் இந்த வீட்டுக்காரி. நான் வந்தவளாக்கும். இவுங்க கண்ண மூடினா, பதினாறாம் நாளு என்னைய எறக்கி விட்ருவீங்களா?"

ராணி வெகு நேரம் தேடினாள். பிறகு, நான்காவது ரீலில் தோழியிடம் சொல்லவேண்டியதும், அந்த வீட்டில் அதுவரை ஒருமுறையும் சொல்லாததுமான ஒன்றை எடுத்துச் சொன்னாள். "இந்த அரண்மனையில் எனக்கென்று இருப்பவள் நீ ஒருத்திதான்."

வடிவாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உலையில் அரிசியைப் போட்டாள். நான்கு பேர் கணக்குக்குப் போட்டாள். அவகாசி கடல் தாண்டி எங்கேயோ ஒரு தகரப் பெட்டிக்குள், ஒன்பதாவது ரீலில், ஐந்து வயதாகவே இருந்தான். யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும் வந்து வீட்டை ஏற்றுக்கொள்வான் என்பதில் ஆரியசாலையில் இரண்டு பேச்சு இருக்கவில்லை.