இன்ஸ்பெக்டரின் கடைசி மூச்சு

வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மகனை அம்மா உள்ளே கூப்பிட்டாள்.

"ஆறு மணிக்கு அது வருது. வந்து போட்டுக் குடு."

அப்பாவைக் காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். ஆறு மணிக்கு வருவது, அவர் பல வருடங்களாக இன்ஸ்பெக்டருக்குக் குரல் கொடுத்த வெளிநாட்டுத் துப்பறியும் தொடரின் கடைசிப் பகுதி. இன்ஸ்பெக்டர் இன்று சாகிறார் என்று ஒரு வாரமாக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கே பாக்கணுமாம்மா?"

"அவர் போறப்ப நான்தான் பக்கத்துல இல்லையே. மருந்து வாங்கப் போயிட்டேன். இதுலயாவது கேக்குறேன்."

அவன் பக்கத்தில் இருந்தான். கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தலையணையைச் சரிசெய்து நிமிர்வதற்குள் முடிந்திருந்தது. 'நிம்மதியா போனாரு' என்று அம்மாவிடம் சொல்லிவைத்தான். வேறென்ன சொல்வது?

டிவியில் வரப்போகும் சாவிலும் சிக்கல் இருந்தது. போன மாதம் ஒரு நாள், கிடங்கில் இரவு வேலையை முடித்த கையோடு அவன் அப்பாவை டப்பிங்குக்குக் கூட்டிப்போனான். வசனங்களைப் பேசிவிட்டார். கடைசி மூச்சுதான் வரவில்லை. இழுக்கும்போதெல்லாம் இருமல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாடா" என்றார் அப்பா. "காலேஜைத்தான் பாதியில விட்ட. ஒரு மூச்சையாவது முழுசா விட்டுட்டுப் போ."

ஒரே டேக்கில் ஓகே ஆனது.

"அப்படியே உங்க தொண்டை சார்" என்றார் டைரக்டர்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபிறகு அப்பா சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லிடாத. நான்தான் செத்தேன்னு இருக்கட்டும்."

ஆறு மணிக்குச் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்தார். கொலைகாரனை அறைக்குள் தள்ளிவிட்டு, வயிற்றில் குண்டோடு இன்ஸ்பெக்டர் சுவரில் சரிந்தார். உதவியாளன் ஓடிவந்து தலையைத் தாங்கினான்.

"கதவைப் பூட்டிட்டியா?" என்றது அப்பாவின் குரல்.

பிறகு நீளமாக ஒரு மூச்சு. உள்ளே போனது, இழுபட்டது, வெளியே வந்து நின்றது.

"சாகுறதுலயும் அண்ணனை அடிச்சுக்க ஆள் இல்ல" என்றார் சித்தப்பா. மூக்கைச் சிந்திக்கொண்டார். "என்ன ஒரு மூச்சு."

மகன் அம்மாவைப் பார்க்கவில்லை. நம்பிவிட்டால் போதும் என்றிருந்தது. தவறவிட்ட சாவு அவளுக்கும் கிடைத்துவிடும்.

சித்தப்பா கிளம்பியதும், "திரும்பப் போடு" என்றாள். அவன் சேனலின் ஆப்பில் தேடிப் போட்டான். இந்த முறை ரிமோட்டை அவளே வாங்கிக்கொண்டாள்.

"கதவைப் பூட்டிட்டியா?"

நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் திறந்த வாயோடு திரையில் நின்றார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினாள்.

"இன்னும் இருக்கும்மா."

"வேலைக்குப் போகலையா நீ?"

"லீவு சொல்லிட்டேன்."

"அப்போ போய்ப் படு. நெஞ்சுல சளி கட்டியிருக்கு உனக்கு." திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "அதுலயே கேக்குது."

அவன் படுக்கப் போனான்.

"கதவைப் பூட்டிட்டியா?" என்று பின்னால் அப்பா மறுபடி கேட்டார்.

அவன் போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான்.