புயலுக்கு ஒதுக்கிய அறை

எங்கள் அலுவலகத்தில் புயல்களுக்கு அறை ஒதுக்குவது என் வேலை. அதற்கு ஃபோர்ட்ரான் என்ற அந்தக் காலத்துக் கணினி மொழியில் எழுதிய பழைய ப்ரோக்ராம் ஒன்று இருக்கிறது. புயல் வந்ததும் அதை ஓட்டுவேன். ஓர் அறை முளைக்கும். புயல் உள்ளே உட்கார்ந்து தன்னைக் கணக்குப் போடும். எந்தக் கரைக்குப் போவது என்று தெரிந்ததும் கிளம்பிவிடும்.

அறை மட்டும் கிளம்பாது. வாங்கிய இடத்தைத் திருப்பித் தருகிற வரியை ப்ரோக்ராமில் யாரும் எழுதவில்லை. அதனால் தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. அடுத்த மேஜையில் இருந்த எழிலரசி இப்போது மினி பஸ் ஏறித்தான் என்னிடம் வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவளிடம் ஒன்று கேட்கத் தொடங்கினேன். "நாம ரெண்டு பேரும்" என்பதற்குள் ஒரு புயல் வந்து தொலைத்தது. எங்கள் நடுவில் அறை முளைத்தது. மிச்சத்தைக் கத்திச் சொன்னேன். அது அந்த அறைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று தாழ்வாரம் கடலைத் தொட்டது. இனி அறை முளைக்க இடமில்லை. வாசலில் புதிய புயல் ஒன்று ஈரம் சொட்ட நின்றது.

"ரூம் இருக்கா?"

"கொஞ்சம் இருங்க. ஒரு பிழை, திருத்திடறேன்."

"சீக்கிரம். எனக்குத் தலை சுத்துது."

மேலாளர் ஞானப்பிரகாசம் ஓடிவந்தார். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரில் வைத்த குங்குமத்தைக் காட்டினார்.

"அந்தக் காலத்து ப்ரோக்ராம்ப்பா. ஓடுதுல்ல? கை வைக்காத."

"ஒரே ஒரு வரி சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க."

வேலை முடிந்தால் இடத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதி ஓட்டினேன். அறைகள் பட்பட்டென்று மடங்கின. மினி பஸ் கண்டக்டர் விசிலடித்துக்கொண்டே என் மேஜைமேல் வந்து இறங்கினார். பின்னாலேயே எழிலரசி, சுழல் நாற்காலியில், கையில் டீயோடு வந்து சேர்ந்தாள். டீ சிந்தவில்லை. சந்தோஷம் தாங்காமல் மேலாளரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

இனி வரும் புயல்களுக்கென்று எங்கள் நடுவில் இருந்த அறை மட்டும் மிஞ்சியது. அதைப் புயலுக்குக் கொடுத்தேன். அது கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பியது.

"அன்னைக்கு என்னமோ கேக்க வந்தீங்களே?" என்றாள் எழிலரசி.

வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. திருப்பிக் கொடுத்த இடத்தில் பழைய சாமான் அப்படியே கிடக்கும். அடுத்தவர் நுழையும் முன் பெருக்கிவிட்டு, எல்லாவற்றிலும் சைபர் போட்டு வைக்க வேண்டும். நான் போடவில்லை.

ரேடியோ பேசியது. "மீனவர்கள் கவனத்திற்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா எழில் என்று கேட்டபடி புயல் கரையைக் கடக்கிறது. துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது."

"சொன்னேன்ல, கை வைக்காதன்னு," என்றார் மேலாளர்.

மானம் போயிற்று. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். எழிலரசி குறுக்கே வந்து அதைப் பிடுங்கினாள். வாசலில் அடுத்த புயல் தலை துவட்டிக்கொண்டிருந்தது.

"பெருக்காதீங்க. அது போறப்ப என் பதிலையும் எடுத்துட்டுப் போகட்டும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சிரிப்பு மட்டும் வெளியே கேட்டது. நான் என் குடையை மேலாளரிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன்.