நசுக்க மறந்த முள்

மீன்பிடி சீசன் திறந்த முதல் நாள் காலையிலேயே பெரியவர் தோன் ஹெனாரோ மாட்டிக்கொண்டார் என்பதை ரொட்டிக் கடையில்தான் கேட்டேன். கடைக்காரி மாவுக் கையோடு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"விஷயம் தெரியுமா எல்வீரா? நம்ம பஸ்காரரைப் பாலத்துக்குக் கீழ பிடிச்சுட்டாங்களாம். தூண்டில் முள்ளுல பல்லு இருந்துச்சாம். ஆத்துக் காவலன் லிசான்ரோ பெர்மிட்டையே பிடுங்கி வெச்சுக்கிட்டானாம்."

"எந்த ஈ?"

"எந்த ஈன்னு எனக்கென்ன தெரியும்? நான் ரொட்டி விக்கறவ."

ரொட்டி வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன். அவர் பெட்டியில் இருந்த பன்னிரண்டு ஈக்களையும், மீனை ஏமாற்ற முள்ளில் இறகு சுற்றிச் செய்யும் பொய் ஈக்களை, கட்டிக் கொடுத்தவள் நான்.

எங்கள் ஆற்றில் பிடிக்கிற ட்ரவுட் மீனை ஆற்றிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும். முள்முனைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல், கழற்றும்போது மீனின் வாயைக் கிழித்துவிடும். அதனால் குறடால் அதை நசுக்கிய பிறகுதான் வீசலாம். எங்கள் ஊர் ஹுனினில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும். நானோ வெளியூர்க்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போக லைசென்ஸ் வாங்கிய கைடு.

முதலில் பல்லை நசுக்கு, பிறகு இறகையும் நூலையும் சுற்று. இதுதான் ஒழுங்கு. கட்டி முடித்துவிட்டு நசுக்கினால் சில நேரம் முனையே ஒடிந்து மொத்த வேலையும் வீணாகும். அவருக்குக் கட்டிய அன்றும் பன்னிரண்டு முள்ளை வரிசையாக நசுக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பதினோராவது முள், கட்டும்போது பிடித்து நிறுத்தும் இடுக்கியில் வளைந்துபோனது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ரொசாரியோவிலிருந்து நான்கு பேர், ஆறு நாள், வருகிறோம் என்று உறுதி சொன்னார்கள். ஐந்து வருடம் அடுத்தவன் விடுதிக்குக் கைடாக உழைத்த எனக்கு, எனக்கே எனக்கென்று வந்த முதல் ஆட்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து புது முள்ளை எடுத்து நேராக இடுக்கியில் மாட்டிக் கட்டிவிட்டேன். ரொட்டிக் கடையிலிருந்து அவர் வீட்டுக்கு நடப்பதற்குள் இதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

தோன் ஹெனாரோ முற்றத்தில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"வாம்மா நர்ஸம்மா. தண்ணி இன்னும் சூடா இருக்கு, குடி."

"அது நான் கட்டினது. பதினோராவது."

"தெரியும். நான்தான் கட்டினேன்னு லிசான்ரோகிட்ட சொல்லியாச்சு. நீ வாயை மூடிக்கிட்டு இரு."

"வீசறதுக்கு முன்னாடி துணியில இழுத்துப் பார்த்திருக்கலாமே நீங்க! பல்லு இருந்தா மாட்டும்ல?"

"நீ கட்டினதை நான் சோதிக்கறதா?" என்றார்.

மாத்தேயைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். "வியாழக்கிழமை மீன்பிடிச் சங்கத்துல கூப்பிட்டிருக்காங்க. எனக்கு ஒரு சீசன் போகும், அவ்வளவுதான். பல்லு வெச்ச ஈயை ஒரு கைடு கட்டிக் கொடுத்தான்னு தெரிஞ்சா உன் லைசென்ஸ் போகும், ரொசாரியோக்காரங்க போவாங்க. போ, போய் வேலையைப் பாரு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, ரொசாரியோக்காரர்களுக்கு எத்தனை போர்வை வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

நர்ஸம்மா என்று அவர் என்னைக் கூப்பிடுவது பழைய கதை. பன்னிரண்டு வருடம் முன்பு ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் அவர் ஓட்டும் பஸ்ஸில்தான் போக வேண்டும். பாதி வழியில் பஸ் நிற்கும். எஞ்சின் சூடாகிவிட்டது என்பார். சீட்டுக்கு அடியிலிருந்து தூண்டில் கோலை உருவிக்கொண்டு இறங்கிவிடுவார். எஞ்சின் சூடாகும் இடமெல்லாம் நல்ல மீன் இருக்கும் இடமாக இருக்கும். உள்ளே கோழிக் கூடையோடு இருப்பவர்களும், பத்திர ஆபீசுக்குப் போகிறவர்களும் கத்துவார்கள். சிலர் பழகிப்போய் இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு நாள் என் பொறுமை போய்விட்டது. இறங்கிப் போய்க் கரையில் நின்று கத்தினேன்.

"ஏன்யா, தடுப்பூசி வெச்சிருக்கேன், ஐஸ் உருகுது, உங்களுக்கு மீன் கேக்குதா?"

"கத்தாதீங்க நர்ஸம்மா, மேல வந்துக்கிட்டு இருக்கு. இதைக் கொஞ்சம் பிடிங்க, நான் டயரைப் பார்த்துட்டு வந்துடறேன்."

கோலை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. ஈ தண்ணீர் இழுத்த பக்கம் மிதந்துபோனது. அடியிலிருந்து ஒரு பெரிய ட்ரவுட் எழும்பி வந்து, மூக்கு முட்டுகிற தூரத்தில் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திரும்பிப் போனது. மாட்டியிருந்தால் மறந்திருப்பேன். பார்த்துவிட்டு வேண்டாமென்று போனதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் நானே கேட்டேன், எஞ்சின் இன்னும் சூடாகவில்லையா என்று.

அவர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் அதையேதான் செய்தார், கையில் கொடுத்துவிட்டு டயரைப் பார்க்கப் போனார். சங்கத்து லைசென்ஸ் படிவத்தில் கடைசி வரி, உங்கள் கையில் தூண்டிலைக் கொடுத்தது யார் என்று இருக்கும். ஊரில் ஒன்பது கைடுகள். ஆறு பேர் அந்த வரியில் ஹெனாரோ என்று எழுதியிருக்கிறோம். சங்கத் தலைவி ஓர்த்தென்ஸியா, மருந்துக்கடைக்காரி, அவளும் அந்த பஸ்ஸில் வந்தவள்தான்.

இரண்டு வருடமாக அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் தெரியும், நடுவில் எதைப் பார்க்க நினைக்கிறாரோ அது தெரியாது. நியூகென் நகரத்துக் கண் டாக்டர் ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார். கூடப் போனவள் நான் ஒருத்திதான். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று திரும்பி வரும் வழியெல்லாம் சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகு தெருவில் போகிற எல்லோருக்கும் கையை ஆட்டிக்கொண்டு நடந்தார், யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று. பஸ் ஓட்டின பழக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவருடைய ஈக்களை நான் கட்டினேன். நூலில் முடிச்சுப் போட்டு மாட்டிக்கொடுத்ததும் நான்தான்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று நாட்கள் போயின. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியில் இருந்த முள் அத்தனையையும் கொட்டி நசுக்கினேன். பிறகு சந்தேகம் வந்து ஒவ்வொன்றையும் ஸ்வெட்டரில் இழுத்து இழுத்துப் பார்த்து, ஸ்வெட்டர் கையைப் பாழாக்கினேன். ஆற்றுக்குப் போனேன், கோலின் துண்டுகளை இணைக்காமலேயே திரும்பினேன். காற்று வேறு நாள் முழுக்க ஓயாமல் கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சீசன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த சீசனில் அவர் கண்ணில் என்ன மிச்சம் இருக்கும் என்று நர்ஸ் புத்தி உடனே பதில் சொன்னது. இதுதான் அவருக்குக் கடைசி சீசன். அதை நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சங்கத்து அறை நிறைந்துவிட்டது. இருபத்தைந்து பேர் இருப்பார்கள். ஓர்த்தென்ஸியா மேசைக்குப் பின்னால், பக்கத்தில் காவலன் லிசான்ரோ. பையன் நேர்மையானவன், அதனால்தான் எரிச்சல். ஈயை ஒரு கம்பளித் துணியில் குத்தி இழுத்துக் காட்டினான். துணி கூடவே வந்தது.

"இதைக் கட்டினது யாரு, தோன் ஹெனாரோ?" என்று கேட்டாள் ஓர்த்தென்ஸியா.

"நான்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாராச்சும் கட்டிக் கொடுத்திருந்தா தப்பு அவங்களோடது, உங்க பெர்மிட்டை இப்பவே தந்துடுவேன்."

"நாப்பது வருஷமா என் ஈயை நான்தாம்மா கட்டறேன். கிழவனுக்கு மறதி. தண்டனையைச் சொல்லு, வீட்டுக்குப் போகணும்."

ஓர்த்தென்ஸியா அந்த ஈயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டின கையை அவள் அடையாளம் கண்டிருக்க வேண்டும். என் பக்கம் ஒரு முறை பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். பிறகு இழுப்பறையிலிருந்து இடுக்கியையும் ஒரு முள்ளையும் நூல்கண்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்போ ஒண்ணு கட்டிக் காட்டுங்க. இது உங்க கைதானான்னு பார்த்துக்கறோம்."

கட்டும் கை வேறென்று தெரிந்தால் அவரைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முள்ளைத் தடவி இடுக்கியில் மாட்டிவிட்டார், அது பழக்கம். நூலைச் சுற்றப் போனார். நூல் முள்ளுக்கு வெளியே காற்றில் சுற்றியது. தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்து மறுபடி முயன்றார். மறுபடியும் காற்றில். மூன்றாவது தடவை முள் விரலில் ஏறியது. யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. அவர் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

"நிறுத்துங்க! நான் கட்டினது அது. பல்லை நசுக்க மறந்துட்டேன்."

"உக்காரு நர்ஸம்மா," என்றார் அவர், திரும்பாமலேயே.

"அவர் ஏன் உன்கிட்டக் கட்டச் சொல்லணும்?" என்றான் லிசான்ரோ. "இந்த ஊருக்கே ஈ கட்டிக் குடுத்தவராச்சே அவரு."

அங்கே ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். கையில் சுளுக்கு என்றிருக்கலாம், சோம்பேறித்தனம் என்றிருக்கலாம். ஐந்து நாளாகக் கொதித்துக்கொண்டிருந்த வாய் முந்திக்கொண்டது.

"அவருக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமாத் தெரியல."

அவர் நூல்கண்டை மேசையில் வைத்தார். விரல் ரத்தத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவை நோக்கி நடந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். குருடருக்கு விடுகிற மாதிரி, தேவைக்கு மேலேயே வழிவிட்டார்கள். நான் செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் லைசென்ஸ் அந்த சீசனுக்குப் போனது. ரொசாரியோக்காரர்களை வேறொரு கைடு ஏற்றுக்கொண்டான். அவருடைய பெர்மிட்டை ஓர்த்தென்ஸியா என்னிடமே கொடுத்தனுப்பினாள். இரண்டு முறை கதவைத் தட்டினேன், உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, அவர் திறக்கவில்லை. மூன்றாவது முறை, ஒன்பதாவது நாள், முற்றத்திலேயே இருந்தார்.

"பெர்மிட்," என்று நீட்டினேன்.

"எதுக்கு? மாட்டி வெச்சு அழகு பார்க்கவா?"

"மன்னிச்சுடுங்க. உங்க சீசன் போகக் கூடாதுன்னுதான்..."

"என் சீசன் எப்பவோ போயிடுச்சுடி!" முதல் முறையாக என்னிடம் கத்தினார். "பாலத்துக்குக் கீழ நின்னு நான் தண்ணியைத்தான் அடிச்சுக்கிட்டு இருக்கேன். ஈ எங்க விழுதுன்னு தெரியல, மீன் வருதான்னு தெரியல. எப்படி நிறுத்தறதுன்னு ரெண்டு வருஷமா வழி தேடிக்கிட்டு இருந்தேன். லிசான்ரோ கொண்டுவந்து கையில குடுத்தான். ஹெனாரோவைத் தடுத்துட்டாங்கன்னு ஊரு பேசியிருக்கும். என்ன அநியாயம்னு திட்டியிருக்கும். நான் திமிரா உக்காந்திருப்பேன். இப்ப ரொட்டிக் கடைக்காரி என் கையைப் பிடிச்சுத் தெருவைத் தாண்டிவிடறா."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அது தெரியாது என்ற தைரியத்தில் சத்தமில்லாமல் அழுதேன்.

"மூக்கை உறிஞ்சாதே," என்றார். "காது நல்லாத்தான் இருக்கு."

"நான் சொல்றேன்," என்றேன். "மீன் எங்க வருதுன்னு நான் சொல்றேன், நீங்க வீசுங்க. எனக்கும் வேற வேலை இல்ல."

தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, கோல் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்றார்.

ஆற்றில் முழங்கால் ஆழத்தில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்க்கரை வில்லோ மரத்தின் அடியில் ஒரு ட்ரவுட் விட்டு விட்டு வாயைத் திறந்தது. கடிகாரக் கணக்கில் பதினோரு மணி பக்கம், பன்னிரண்டு மீட்டர் என்றேன். கோல் அவர் கையில் முன்னும் பின்னும் போய்வந்தது. அந்தக் கை எதையும் மறக்கவில்லை. ஈ நான் சொன்ன இடத்தில் விழுந்தது. மிதந்து வந்தது. மீன் எழும்பியது.

"இப்ப!" என்று அலறினேன்.

அவர் இழுத்தார். மீன் இன்னும் வாயையே திறக்கவில்லை. ஈ பறந்து வந்து என் தொப்பியில் மாட்டியது.

"என்ன ஆச்சு?"

"கொஞ்சம் சீக்கிரம் சொல்லிட்டேன்."

"சீக்கிரமா? சங்கத்துல சொன்ன மாதிரியா?"

அவர் கையை நீட்டி என் தலையைத் தேடி, தொப்பியிலிருந்து முள்ளைக் கழற்றப் பார்த்தார். பல் இல்லாததால் சுலபமாக வந்துவிட்டது. சட்டைக் கையில் அதை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். என் எதிரிலேயே, மறைக்காமல், நிதானமாக.

"சரி," என்றார். "அடுத்தது எங்க இருக்கு, சொல்லு."