கல்தூம் வீட்டில் கொட்டிய கரி

கல்தூமின் வீட்டில் மின்விளக்கைப் போட்டால் கரி கொட்டியது. மாவுபோல நைசான கரி. தொட்டால் விரலோடு வந்தது. மொராக்கோவின் மேற்குக் கரையில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எல்லா ஜன்னலிலும் தெரிகிற அந்த ஊரில் வேறெந்த வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. நடந்திருந்தாலும் மற்றவர்களுக்கு இத்தனை நஷ்டம் வந்திருக்காது. கல்தூம் மணப்பெண்களுக்கு உடுத்திவிடுகிறவள். அவள் வாடகைக்குக் கொடுக்கும் வெள்ளைக் கஃப்தான் அங்கிகள் எல்லாம் அந்த முன்னறையில்தான் தொங்கின.

மின்சார அலுவலகத்தார் வந்து கம்பியை மாற்றினார்கள், மீட்டரை மாற்றினார்கள், கடைசியில் தங்கள் சட்டையை மாற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிவாசல் இமாம் ஓதிப் பார்த்துவிட்டு, ஜின் எதுவும் இல்லை, இது வெறும் நிலக்கரி என்றார். காரணத்தைச் சொன்னவள் எதிர்வீட்டு மின்னா. கல்தூமின் கணவன் புஷைப் மின்நிலையத்தின் கப்பல்துறையில் கிரேன் ஓட்டுகிறவன்.

"என்ன லல்லா கல்தூம், உங்க வீட்டுக்காரர் கப்பல்லேர்ந்து இறக்குற கரி அவர் பின்னாலயே வீடு வந்து சேருது. வேற எங்க போகும்?" என்று அவள் மொட்டைமாடியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

போகப்போகக் கல்தூமுக்குக் கரியின் குணம் பிடிபட்டது. அட்லஸ் மலைப் பனி உருகி அணைகள் நிறைந்து நீர்மின்சாரம் ஓடுகிற வசந்தத்தில் கரி குறைந்து, விளக்கிலிருந்து ஓரிரு சொட்டுத் தண்ணீர் விழும். வடக்குக் குன்றுகளில் காற்றாலைகள் சுழன்றால் விளக்கு தானாக ஆடும், கரியே இருக்காது. மின்நிலையங்களில் எரிவாயு எரிகிற நாட்களில் கரி பாதிதான். பழைய கொதிகலனை மூட்டிய வாரத்தில் அதே வெளிச்சத்துக்கு இரட்டிப்பாகக் கொட்டும். ஆகஸ்டில் காற்று நின்று, அணை வற்றி, நாடு முழுக்க ஏசி ஓடும்போது கறுப்பு மழைதான். கஃப்தான் வெள்ளையாகக் கிடைக்கட்டும் என்று ஊரார் கல்யாணங்களைக் காற்றடிக்கிற மாதங்களுக்கு மாற்றிக்கொண்டார்கள். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏப்ரலில் விமானம் ஏறினார்கள்.

ஆனால் கல்தூமின் மகள் இப்திசாமுக்கு அமைந்த மாப்பிள்ளைக்குப் பிரான்சின் லியோன் நகரில் வேலை; ஆகஸ்டில்தான் விடுப்பு. அது மழை பொய்த்து மூன்றாவது வருஷம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் துறையில் இரண்டு கப்பல்கள் காத்து நின்றன.

"ஒரு வாரம் வேலைக்குப் போகாம இருங்களேன்," என்றாள் கல்தூம்.

"நான் ஒருத்தன் போகலைன்னா கரி நிக்குமா? நாடே எரிக்குது."

"நாடு எரிச்சுட்டுப் போகட்டும். என் பொண்ணு தலையில கொட்டப் போறது நீங்க இறக்கினது."

புஷைப் வேலைக்குப் போனான். ஆனால் மாலைகளில் வீடுவீடாக ஏறி இறங்கி, கல்யாணத்தன்று சாயங்காலம் ஏசியும் டிவியும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் என்பதால் எல்லோரும் சம்மதித்தார்கள். மின்னா குளிர்பெட்டியைக்கூட அணைத்து, உருகிய வெண்ணெயோடு விருந்துக்கு வந்தாள். தெரு வியர்த்து உட்கார்ந்திருந்தது. கரி குறைந்தது, நிற்கவில்லை. ஒரு தெருவால் அவ்வளவுதான் முடிந்தது.

கல்தூம் விளக்குகளை அணைக்கச் சொன்னாள். வெள்ளை உடையில் வாசலில் நின்ற இப்திசாம் தடுத்தாள்.

"விடுங்கம்மா. அப்பா இறக்கின கரிதானே என்னை வளத்துச்சு. இன்னைக்கு மட்டும் என்ன புதுசா வெக்கம்?"

அவள் நடந்து போய் விளக்குகளுக்குக் கீழே அமர்ந்தாள். தோளில் தொடங்கி, மடிப்பு மடிப்பாக இறங்கி, பாட்டு முடிவதற்குள் உடை முழுவதும் கறுத்தது. முகத்திலும் கையிலும் ஒரு துகள் ஒட்டவில்லை. மாப்பிள்ளையின் தாய் சற்று நேரம் பார்த்துவிட்டுக் குலவையிட்டாள். புஷைப் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

அதற்கப்புறம் மணப்பெண்கள் அந்தக் கறுப்பையே கேட்டார்கள். சாயக் கறுப்பு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணங்கள் திரும்பவும் ஆகஸ்டுக்கு வந்தன. இதற்கிடையே தெற்கே காற்றாலைகள் பெருகின, பாலைவனத்தில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கக் கண்ணாடிகளை நட்டார்கள், பழைய கொதிகலனை உடைத்து எடைக்குப் போட்டார்கள். புஷைப் ஓய்வு பெற்றான். போன ஆகஸ்டில் தபால்காரரின் மகள் மாலை முழுக்கக் கல்தூம் வீட்டு விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஆடியதே தவிர ஒன்றும் விழவில்லை. பெண் கொஞ்சம் அழுதாள். பிறகு வெள்ளையிலேயே கல்யாணம் நடந்தது.