ஐயாதுரையின் கை

1992-இல் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில், பேண்டேஜ் துணியை இரண்டாக மடித்துத் திரையாகக் கட்டி, கடலைப் பற்றி ஸ்லைடு காட்டினேன். பவளப்பாறைகளைக் கண்கொட்டாமல் பார்த்தவர்கள், சுறா வந்ததும் முகம் சுளித்தார்கள். சுறா அழிந்தால் பவளப்பாறையும் சீர்கெடும், இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்றேன்.

"ஆளைக் கடிக்கிறதை எதுக்கு சார் காப்பாத்தணும்?" என்று கையை நீட்டிக் கேட்டார் தொழிலாளி ஐயாதுரை. அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"அது சுறா கடிச்சதா?" எரிச்சலில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பஞ்சு சிக்கெடுக்கிற மெசின் சார்."

பின்வரிசையிலிருந்து, நூல் சுற்றும் ஜெயபாய் மெதுவாகச் சொன்னாள்:

"அதுக்குத் தெனமும் எண்ணெய் போட்டுக் காப்பாத்துதோம்லா, அண்ணாச்சி."