செபத்துக்கு வரும் அம்மா

குவைத்தில் மூன்று வருடம் வேறொருத்தியின் பிள்ளைகளைப் பார்த்து வளர்த்துவிட்டு வந்த பிரஷாந்தியிடம், அவள் பெற்ற பிள்ளை வரமாட்டேன் என்கிறது. காலையில் கொழும்பு பஸ்ஸால் இறங்கி, தேற்றாத்தீவு வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து இதே கூத்துத்தான். நாலு வயதுத் தனுஷியா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். கிட்டப் போனால் தகப்பன் நிதுர்ஷனின் சாரத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். மூத்தவன் யதுர்ஷன் பரவாயில்லை. ஏழு வயதுக்காரன், வந்ததும் மடியில் ஏறி, கொண்டுவந்த சொக்லட்டில் பாதியைத் தின்று முடித்துவிட்டான்.

பகல் முழுக்க அவளுக்கு அரைத்தூக்கம் போலவே கழிந்தது. வீடு சின்னதாகிவிட்டதா, தன் கண்தான் பெருத்துவிட்டதா தெரியவில்லை. முற்றத்து முருங்கையும், வாவிக் காற்றில் ஆடும் கொடித்துணியும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல அசைந்தன. நடந்தால் கால் தரையில் பட்ட மாதிரியே இல்லை.

"இஞ்சேருங்க, நான் உண்மையா வந்திட்டனா?" என்று நிதுர்ஷனிடம் இரண்டு தரம் கேட்டாள்.

"வந்திட்டாய். பேசாமச் சோத்தத் தின்," என்றான் அவன். பெரிய பதில்தான்!

பின்னேரம் ஆறு மணிக்குச் செபம். நிதுர்ஷன் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திப் பாயை விரித்தான். பிரஷாந்தி முழந்தாளிட்டு, பக்கத்தில் சின்னவளுக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். தனுஷியாவோ நேரே போய்த் தகப்பனின் போனை எடுத்து, சுரூபத்தின் காலடியில் சாய்த்துவைத்து, அதற்கு முன்னால் சம்மணம் கொட்டி இருந்துகொண்டாள்.

"தொடங்குவமே மகள்," என்றான் நிதுர்ஷன்.

"அம்மா இன்னும் வரல்ல."

மூன்று வருடமாக அந்த வீட்டில் செபம் அப்படித்தான். குவைத்து வீட்டார் பகல் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து அம்மா போன் வீடியோவில் வருவாள், கூடச் சேர்ந்து செபமாலை சொல்லுவாள். முடிந்ததும் பிள்ளைகள் "யேசுவுக்குத் தோத்திரம்" என்று நெற்றியை நீட்ட, தன் போன் கண்ணாடியில் பெருவிரலால் சிலுவை போடுவாள். பிள்ளைக்கு அம்மா என்றால் அதுதான். சொல்லுங்கள், இதில் யாரைக் குற்றம் சொல்ல?

யதுர்ஷன் சிரித்துவிட்டான். "அடியே மொக்கு, அம்மா இந்தா இரிக்கிறா!"

தனுஷியா திரும்பியும் பார்க்கவில்லை. "அது அன்ரி."

வீட்டுக்கு வந்துபோகும் பெண்கள் எல்லாருமே அவளுக்கு அன்ரிதான். பிரஷாந்தி எழுந்து, தன் போனை எடுத்துக்கொண்டு பின்கதவால் கிணற்றடிக்குப் போனாள். வாவிக்கு மேலே வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நிதுர்ஷனின் போனுக்கு வீடியோவில் அழைத்தாள். முதல் மணியிலேயே பிள்ளை எடுத்துவிட்டது.

"அம்மா! ஏன் இவ்வளவு சுணக்கம்?"

"வேலை மகள். கோவிக்காதீங்க."

தனுஷியா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, எங்கட வீட்ட ஒரு அன்ரி வந்திரிக்கிறா. நல்லவதான். ஆனா அப்பாக்குப் பக்கத்தில போய் இரிக்கிறா. நீங்க கெதியா வாங்க."

ஐயோ, அந்த நேரம் பிரஷாந்தி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

"வந்திட்டன் மகள். கிணத்தடியில நிக்கிறன். வந்து பாருங்க."

இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி தனுஷியா பின்கதவுக்கு வந்தாள். போனைப் பார்த்தாள். கிணற்றடியில் நின்றவளைப் பார்த்தாள். மறுபடி போனை.

"கைய ஆட்டுங்க," என்று கட்டளை போட்டாள். பிரஷாந்தி ஆட்டினாள்.

"நாக்க நீட்டுங்க."

அதையும் நீட்டினாள். போனுக்குள் இருந்தவளும் நீட்டினாள்.

தனுஷியா போனை மெல்லப் படியில் வைத்துவிட்டு நடந்து வந்தாள். ஒரு அடி தள்ளி நின்று, கண்ணை இறுக மூடி, "யேசுவுக்குத் தோத்திரம்," என்று நெற்றியை நீட்டினாள். பிரஷாந்தி குனிந்து பெருவிரலால் சிலுவை போட்டாள்.

பிள்ளை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, அந்த விரலை எட்டிப் பிடித்தது.

"அம்மா," என்றாள், "உங்கட விரல் சூடா இரிக்கு."