ஆளில்லாத வகுப்பு

கோஷம் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கல்வி ஆபீஸ் வாசல்ல, கொளுத்துற வெயில்ல, எங்க பிள்ளைங்க மொத்தமும் தரையில உக்காந்திருக்கு. அரண்மனையா கேட்டோம்? எங்க பழங்குடிக் குடியிருப்புல இருக்குற ரெண்டு ரூம் பள்ளிக்கூடத்தை மூடாதீங்க, இப்போ இருக்குற வாத்தியாருக்கு எங்க பாஷை தெரியாது, தெரிஞ்ச ஒரு டீச்சரைப் போடுங்க. அவ்வளவுதான்.

பிள்ளைங்க வர்றதில்லைன்னு சொல்லி மூடப் பாக்குறாங்க. மூடிட்டா என் தங்கச்சி டவுன் ஹாஸ்டலுக்குத்தான் போகணும். நான் அங்க படிச்சவ. எங்க பாஷையில ஒரு வார்த்தை பேசினா முட்டி போட வெப்பாங்க. உன்னை அங்க அனுப்பவே மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாம்னு சொன்னது ஸ்பீக்கர். எங்க குடியிருப்பு இளைஞர் சங்கத்துல அவனுக்கு அதான் பேரு, வாயைத் திறந்தா ஊரே கேக்கும். "நாம கத்தினா ரவுடிம்பாங்க. பிள்ளைங்களைப் பாத்தா மனசு இளகும்"னான். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. எங்க ஊரு டிரைவர் அண்ணன் தன்னோட காய்கறி லாரியில எல்லாரையும் ஏத்திட்டு வந்தாரு.

ரொம்ப நேரம் கழிச்சு பியூன் வெளிய வந்தாரு.

"யாரைப் பாக்கணும்?"

"அதிகாரியை."

"அவரு காலையிலயே கிளம்பிட்டாரே. மனு மேல மனுவா போட்டு உயிரை வாங்கினீங்கல்ல, உங்க பள்ளிக்கூடத்தைப் பாக்கத்தான் போயிருக்காரு."

பிள்ளைங்க மொத்தமும் இங்க, அங்க பள்ளிக்கூடம் காலி. ஸ்பீக்கரைத் திரும்பிப் பாத்தேன். பிறந்ததுல இருந்து முதல் தடவையா பய வாயே திறக்கலை.

அடிச்சுப் பிடிச்சு பிள்ளைங்களை லாரியில ஏத்தினோம். பாதி வழியில, ஒரு வண்டி மட்டும் போற மண் ரோட்டுல, அதிகாரியோட ஜீப் எதிர வந்துச்சு. நான் குதிச்சு ஓடினேன்.

"சார், பிள்ளைங்க எல்லாம் இதோ இருக்கு சார். எண்ணிக்கோங்க."

அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. பாவம், கெட்ட மனுஷன் மாதிரியும் தெரியலை. "வாத்தியார் மட்டும்தாம்மா உக்காந்திருந்தாரு. பெஞ்சு எல்லாம் காலி. பாத்ததைத்தான் நான் எழுத முடியும்."

"உங்களைத்தானே சார் பாக்க வந்தோம்!" கத்தணும்னுதான் நெனச்சேன். அழுகை வந்துடுச்சு. வெக்கமாப் போச்சு.

"இன்னொரு தடவை வர்றேன். என்னைக்குன்னு சொல்லமாட்டேன். அன்னைக்கும் காலியா இருந்தா மூடுறதைத் தவிர வேற வழியில்லை."

டிரைவர் அண்ணன் லாரியைப் பின்னால எடுத்து ஜீப்புக்கு வழி விட்டாரு.

திரும்பி வர்றப்போ தங்கச்சி என் மடியில சாஞ்சிருந்தா. "இனிமே ஒரு நாள்கூட லீவு போடக் கூடாதுடி. காய்ச்சல் வந்தாலும் போய் உக்காரணும்"னேன்.

"உக்கார்றோம். ஆனா வாத்தியார் சொல்றது எங்களுக்குப் புரியலையேக்கா."

கேட்டது ஒரு டீச்சரை. கடைசியில சம்பளம் இல்லாம நானேதான் அங்க போய் நிக்கணும் போல. ஆபீஸ்காரங்களுக்கு இதைவிட வேறென்ன வேணும்? ஜாலியா இருப்பாங்க.

"நானும் வந்து பின் பெஞ்சுல உக்கார்றேன். அவரு சொல்றதை நம்ம பாஷையில சொல்றேன்."

"அப்போ ஆபீஸ் வாசல்ல?"ன்னான் ஸ்பீக்கர்.

"நீ இருக்கேல்ல. போய்க் கத்து."

தங்கச்சி தலையைத் தூக்கினா. "நம்ம பாஷையில பேசினா வாத்தியார் முட்டி போட வெக்க மாட்டாராக்கா?"

"விடமாட்டேன்டி."

கட்டின தொண்டையில எனக்கே அது சரியா கேக்கலை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னா தங்கச்சி.